கடைசிப் பக்கத்தில் இல்லாத பெயர்

என் அப்பா 1991-இல் திருமங்கலத்துக்கு அருகே ஐந்து சென்ட் இடம் வாங்கினார். அந்தக் கிரையப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டுப் பீரோவில், அம்மாவின் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. முத்திரைத்தாள் பழுப்பேறிவிட்டது. ஆனாலும் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளின் கையெழுத்துக்குக் கீழே, பத்திரத்தை எழுதியவரின் பெயரும் ஊரும் உரிம எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. யார் பத்திரம் கையில் வந்தாலும் அப்பா முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். "எழுதுனவர் பேரு இருக்கா பாரும்மா" என்று என்னைப் படிக்கச் சொல்வார். தமிழ்நாட்டில் ஆவண எழுத்தர்களுக்கென்று 1982-ஆம் ஆண்டு உரிம விதிகள் இருக்கின்றன. கூலி வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதித் தருபவர் உரிமம் வைத்திருக்க வேண்டும், தன் பெயரையும் எண்ணையும் பத்திரத்தில் போட வேண்டும். நாளைக்கு ஒரு எல்லை தப்பாக எழுதப்பட்டிருந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.

அப்படிப்பட்ட அப்பாவின் மகளான நான், 2022 ஜூலையில் என் வருமான வரி ரிட்டர்னை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதன் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதனால் பட்டதை எழுதவேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வரி மாதாமாதம் பிடிக்கப்பட்டுவிடும். ஜூன் நடுவில், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழான ஃபார்ம் 16 கையில் வரும், ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும். ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் ஒருவர் லேப்டாப்புடன் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வருவார். எல்லோரும் அவரை "ஆடிட்டர்" என்றுதான் அழைத்தோம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவர் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஜன்னலோர மேஜையில் விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கி இடம் கொடுப்போம். டீயும் வடையும் வரும். ஆளுக்குப் பத்து நிமிடம். ஐந்நூறு ரூபாய்.

அந்த வருடம் என் முறை வந்தபோது அவர் ஃபார்ம் 16-ஐப் புரட்டிவிட்டு, "டீச்சர், சும்மா போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது. கொஞ்சம் பார்த்துப் போட்டா நாப்பதுக்கு மேல ரீஃபண்ட் வரும். வந்ததுல பத்து பர்சென்ட் குடுத்தா போதும்" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தங்களுக்கும் அப்படித்தான் போட்டதாகச் சொன்னார்கள். எதைப் பார்த்து, எப்படிப் போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிடித்த வரி சரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் திரும்பி வர என்ன இருக்கிறது என்ற எளிய கேள்வி அது. சிறிது நேரத்தில் என் போனுக்கு ஆறு இலக்க ஆதார் ஓ.டி.பி. வந்தது. மூன்றாம் பீரியட் மணி அடித்துவிட்டது. நோட்டுகளை அள்ளிக்கொண்டு நடந்தபடியே எண்ணைச் சொன்னேன். அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் 45,760 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் வந்தன. அவருக்கு 4,500 ரூபாய் ஜி-பேயில் அனுப்பினேன்.

அடுத்த ஜூலையில் அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகன், "நானே போட்டுத் தர்றேன் அத்தை, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றான். எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது. ஆதார் ஓ.டி.பி. வைத்துப் புதிதாக மாற்றி உள்ளே போனான். இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அத்தை, இது யாரு மெயில் ஐ.டி.?"

திரையில் என் பெயர், என் பான் எண், என் பிறந்த தேதி. அதற்குக் கீழே நான் வாழ்நாளில் பார்த்திராத ஒரு மின்னஞ்சல் முகவரி, அவருடைய கைபேசி எண். வருமான வரித் துறை எனக்கு எழுதும் எதுவானாலும் அந்த முகவரிக்குத்தான் போயிருக்கும். முந்தைய வருட ரிட்டர்னை இறக்கிப் பிரிண்ட் எடுத்தோம். என்னுடைய ரிட்டர்னை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகள், அதாவது கழிவுகள், வரும் பகுதியில் மூன்று வரிகள். அரசியல் கட்சிக்கு நன்கொடை ஒரு லட்சம், 80ஜி.ஜி.சி. பிரிவில். கல்விக் கடன் வட்டி எண்பதாயிரம், 80இ பிரிவில். கடும் நோய்க்கான சிகிச்சைச் செலவு நாற்பதாயிரம், 80டி.டி.பி. பிரிவில். ஆக 2,20,000 ரூபாய். நான் இருந்த 20 சதவீத அடுக்கில் அதற்கு வரி 44,000, செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 45,760. எனக்கு வந்த ரீஃபண்ட் பைசா சுத்தமாக அதுதான். நான் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கல்விக் கடன் வாங்கியதில்லை. அந்த மூன்றாவது வரிதான் என்னை மிகவும் படுத்தியது. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்த செலவுக்குத்தான் அந்தக் கழிவு உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு நோய் வந்ததில்லை. யாரோ ஒருவர், என் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, என் வீட்டில் ஒருவரை நோயாளி ஆக்கியிருக்கிறார். அதற்குக் கீழே, "என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இவை சரியானவை, முழுமையானவை" என்ற பொருளில் ஓர் உறுதிமொழி. அதில் என் பெயர். நடந்துகொண்டே நான் சொன்ன ஆறு எண்கள்தான் அந்தக் கையெழுத்து.

கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அப்பாவின் பழக்கம். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

கே.கே. நகரில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனோம். பொறுமையானவர். திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு எனக்கு 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, இனி இருப்பது 2022-இல் சட்டத்தில் சேர்த்த 'அப்டேட்டட் ரிட்டர்ன்' வழிதான் என்றார். வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கட்டி, வட்டி கட்டி, அதற்கு மேல் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த நிதியாண்டு) முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கூடுதல் வரி 25 சதவீதம், இரண்டாம் வருடம் என்றால் 50 சதவீதம். எனக்கு 25-இல் முடிந்தது. எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. அதே ஜன்னலோர மேஜையில் ரிட்டர்ன் போட்ட இன்னொரு ஆசிரியை, "நோட்டீஸ் வந்தா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, 2025 மார்ச்சில் 50 சதவீதக் கணக்கில் கட்டினார். 2025 நிதிச் சட்டம் இந்தக் காலத்தை நான்கு வருடமாக நீட்டியிருக்கிறது. மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 70 சதவீதம். இப்படி முந்திக்கொண்டு சரிசெய்யாமல் துறையே கண்டுபிடித்தால், வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு 270ஏ பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போகும். தெரிந்தே பொய்யான ரிட்டர்னில் உறுதிமொழி கொடுப்பது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்த அந்த 'ஆடிட்டர்' மேல் எங்கே புகார் கொடுப்பது என்று அந்தக் கணக்காளரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வைத்தது. "அவர் சி.ஏ.வாக இருந்தால் எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒழுங்கு நடவடிக்கைக்குப் புகார் கொடுக்கலாம். வக்கீலாக இருந்தால் பார் கவுன்சில் இருக்கிறது. பதிவு பெற்ற வருமான வரி பிராக்டிஷனராக இருந்தால் துறையே தகுதி நீக்கம் செய்யலாம். இவர் இதில் எதுவும் இல்லையே மேடம். போலீசுக்குப் போகலாம். ஆனால் இவர்தான் போட்டார் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?"

ஒரு ஜி-பேய் ரசீது இருந்தது. அதில் எதற்காகப் பணம் என்று எழுதவில்லை.

சட்டம் இதில் எப்படி நிற்கிறது என்பதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவு, வரி அதிகாரி முன்னால் உங்களுக்காக யார் ஆஜராகலாம் என்று சொல்கிறது. உறவினர், உங்கள் ஊழியர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், குறிப்பிட்ட கணக்கியல் தேர்வோ வணிகவியல், சட்டப் படிப்போ முடித்தவர் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் வரக்கூடாது என்ற தடையும் உண்டு. அதெல்லாம் உங்களுக்காக நின்று பேசுபவருக்கான விதிகள். உங்களுக்காக உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. லேப்டாப்பும் உங்கள் பாஸ்வேர்டும் இருந்தால் யாரும் போடலாம். சட்டத்தின் கண்ணில் ரிட்டர்ன் போட்டவர் நீங்கள்தான், ஏனென்றால் உறுதிமொழி உங்களுடையது. 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எழுதுபவரைப் பற்றிய இந்த இடைவெளி மாறவில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும்தானா என்றும் பார்த்தேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே கூலிக்கு ரிட்டர்ன் தயாரிப்பவர் அந்த நாட்டு வரித் துறையிடம் ஓர் எண் வாங்கி, அதைப் போட்டு, ரிட்டர்னில் கையெழுத்தும் போட வேண்டும். கையெழுத்துப் போடாமல் நழுவுபவர்களை 'பேய்த் தயாரிப்பாளர்' என்றே அந்தத் துறை அழைத்து எச்சரிக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தேர்வும் பயிற்சியும் கட்டாயம் என்று 2011-இல் துறை கொண்டுவந்த விதிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மூன்று தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், துறை ஆதாரமாகக் காட்டிய, 1884-இல் வந்த சட்டம் துறைமுன் ஆஜராகிறவர்களைப் பற்றியது, ரிட்டர்ன் எழுதித் தருபவர்களுக்கு அது நீளாது என்று சொல்லிவிட்டது. படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கடல் தாண்டியும் அதே ஓட்டை: பேசுபவருக்குச் சட்டம் உண்டு, எழுதுபவருக்கு இல்லை. ஆனால் அங்கே குறைந்தது ஓர் எண்ணும் கையெழுத்தும் தாளில் நிற்கின்றன. ஓரிகன், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாங்களாகவே உரிமமோ பதிவோ கேட்கின்றன.

இங்கேயும் ஒரு தொடக்கம் இருந்தது. 2006-இல் 139பி என்ற பிரிவைச் சேர்த்து 'டாக்ஸ் ரிட்டர்ன் பிரிப்பேரர்' திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அடையாள எண் கொடுத்து, தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் ரிட்டர்ன் தயாரிக்க அனுப்பும் திட்டம். ஐ.டி.ஆர். படிவங்களில் அவர்களுடைய எண்ணுக்கும் பெயருக்கும் கையெழுத்துக்கும் ஒரு கட்டம்கூட வைத்தார்கள். அந்தக் கட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பத்திரத்தின் கடைசிப் பக்கம் போலவே ஓர் இடம் அது. பயிற்சி பெற்ற பிரிப்பேரர் போட்டால் நிரப்ப வேண்டும். வேறு யார் கூலிக்குப் போட்டாலும் காலியாக விட்டுவிடலாம். கூலிக்குப் போடும் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும்.

ஜி.எஸ்.டி.யில் இதைச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். கீழ மாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் என் மாமாவுக்கு ரிட்டர்ன் போடுபவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர். போர்ட்டலில் பதிவு செய்து, எண் வாங்கி, அதற்கென்று நடத்தும் தேர்வில் தேறியவர். "சேல்ஸ் டாக்ஸ் காலத்துலருந்து பார்க்குறேன், இந்த வயசுல என்னைப் போயி பரீட்சை எழுத வெச்சுட்டாங்கண்ணே" என்று மாமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். எழுதித் தேறினார். கடைக்காரரின் ரிட்டர்னைத் தொடுபவருக்குப் பரீட்சை இருக்கிறது. ஆசிரியரின், பஸ் கண்டக்டரின், நர்ஸின் ரிட்டர்னைத் தொடுபவருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டம் இல்லாமல் நேர்மையாக இந்த வேலை செய்பவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருடம் முழுக்கக் கணக்கெழுதி, சிறு கடைக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் முந்நூறு, ஐந்நூறுக்குச் சரியாகப் போட்டுக் கொடுப்பவர்கள். அவர்கள் இல்லையென்றால் எத்தனையோ பேர் ரிட்டர்னே போட மாட்டார்கள். பதிவு எண் வந்தால் முதலில் பயனடைவது அவர்கள்தான் என்று நம்புகிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவரோடு அவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நின்றுபோகும்.

2025 ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள்தான் இலக்கு. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் துறையின் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் அண்ணன் மகன் கேட்ட கேள்வி அப்படியே காதில் விழுந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. சிக்கியவர்களில் அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்களோடு கல்வி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. எங்கள் ஸ்டாஃப் ரூமைப் போல எத்தனை ஸ்டாஃப் ரூம்களோ.

சரி, சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. என் பள்ளியில் இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் 'ஆடிட்டர்' என்ற சொல். நம் ஊரில் வரிக் கணக்குப் பார்க்கும் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறோம். அது மரியாதைச் சொல்லாகிவிட்டது, தகுதியைச் சொல்வதில்லை. "நீங்க சி.ஏ.வா சார்? மெம்பர்ஷிப் நம்பர் சொல்லுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த எண்ணை இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்குத் தணிக்கை அறிக்கையோ வங்கிக்கு வருமானச் சான்றிதழோ அவர் கொடுத்தால், அதில் அந்த ஆவணத்துக்கென்றே உள்ள 18 இலக்க யு.டி.ஐ.என். எண் இருக்க வேண்டும். 2019 முதல் படிப்படியாக அதைக் கட்டாயமாக்கினார்கள். சும்மா ரிட்டர்ன் போடுவதற்கு அந்த எண் வராது, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரீஃபண்டில் சதவீதம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்ட் பெரிதானால் அவர் கூலியும் பெரிதாகும். அப்புறம் அவர் கை எந்தப் பக்கம் போகும்? பட்டயக் கணக்காளர்களுக்கு இப்படி விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது அவர்களுடைய சட்டத்தின்படியே தொழில் ஒழுங்கீனம். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் பத்து பர்சென்ட் என்ற சொல்லிலேயே விழித்திருப்பேன். "ஐ.டி. ஆபீஸ்ல எனக்கு ஆள் தெரியும்" என்பவரையும் விடுங்கள். ரிட்டர்ன் பரிசீலிக்கப்படுவது பெங்களூரு மையத்தில், கணினியில். விசாரணை வந்தாலும் பெரும்பாலும் முகமறியா முறைதான், எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்பதே தெரியாது. பீபிகுளம் வருமான வரி அலுவலகத்தில் யாரைத் தெரிந்திருந்தும் அதற்கு ஒன்றும் ஆகாது.

எல்லாவற்றையும் விட ஓ.டி.பி. அதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. வங்கி ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வரி ஓ.டி.பி.யைக் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு போனில் சொல்கிறோம். அந்த எண்ணைச் சொல்வதற்கு முன் ரிட்டர்னின் ப்ரிவியூவை வாங்கிப் படியுங்கள். வாட்ஸாப்பில் பி.டி.எஃப். அனுப்பச் சொன்னால் போதும். சம்பளக்காரர் என்றால் ஃபார்ம் 16-இன் இரண்டாம் பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழிவுகளை வரிக்கு வரி பாருங்கள். ஃபார்ம் 16-இல் இல்லாத எதுவும் ரிட்டர்னில் இருந்தால், அது எதற்கு, ரசீது எங்கே என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீடு கட்டியதை அலுவலகத்தில் சொல்ல மறந்திருந்தால் அது நியாயமான வித்தியாசம், ரசீது உங்களிடமே இருக்கும். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும்: போர்ட்டலில் ஏ.ஐ.எஸ். என்று ஒன்று 2021 முதல் இருக்கிறது. வங்கி வைப்பு வட்டி, பங்கு விற்றது, இடம் விற்றது என்று உங்கள் பெயரில் துறைக்குத் தெரிந்ததெல்லாம் அதில் வரும். வட்டியை விட்டுவிட்டுப் போட்ட ரிட்டர்ன் இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும். மின்னஞ்சல், கைபேசி, ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் உங்களுடையதுதானா என்பதைப் போர்ட்டலில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். மறந்திருந்தால் ஆதார் ஓ.டி.பி. வைத்து ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ரிட்டர்ன் போட்ட பிறகு 30 நாளுக்குள் அதை வெரிஃபை செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போட்டாயிற்று என்று தரகர் சொல்லிவிடுவார், வெரிஃபை ஆகாமல் கிடக்கும். சில வாரங்களில், ரிட்டர்னைப் பரிசீலித்த முடிவைச் சொல்லும் 143(1) என்ற அறிவிப்பு வரும், அதையும் திறந்து பாருங்கள். துறையிடமிருந்து வருவதாகச் சொல்லும் எந்தக் கடிதமும் உண்மைதானா என்று சந்தேகம் வந்தால், அதிலுள்ள டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண்ணைப் போர்ட்டலில் போட்டுச் சரிபார்க்கலாம். 2019 அக்டோபர் முதல் அந்த எண் இருக்கிறது.

புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவுகளில் பெரும்பாலானவை இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் 12.75 லட்சம் வரை சம்பளம் மட்டும் வாங்குபவருக்குப் புதிய முறையில் வரியும் இல்லை. அதனால் இந்த வகைத் தரகு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பழைய வருடங்கள் போர்ட்டலில் அப்படியே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கடந்த நான்கு வருட ரிட்டர்னையும் இறக்கிப் பாருங்கள் என்றுதான் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொல்கிறேன். ஏழு பேர் பார்த்தார்கள். மூன்று பேருடையதில் கொடுக்காத நன்கொடை இருந்தது. அதில் ஒருவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். பிரிண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என் பேர்லயா போட்டான், என் பேர்லயா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைக் கே.கே. நகருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது எனக்கு ரிட்டர்ன் போடுவது அந்தக் கணக்காளர் அலுவலகம்தான். ஆயிரம் ரூபாய், பில் உண்டு. அங்கே இருக்கும் பெண் முதலில் வரைவைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, "படிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுங்கக்கா" என்று தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். நான் படித்து முடித்த பிறகுதான் ஓ.டி.பி. அனுப்புவாள். ஒப்புகைச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் கணக்காளரின் பெயர், மெம்பர்ஷிப் எண், தேதி மூன்றையும் பேனாவால் நானே எழுதி, பில்லைப் பின் குத்தி, அப்பாவின் பத்திரம் இருக்கும் பீரோவில் வைக்கிறேன்.